ஏரிக்கும் உண்டு கொள்ளளவு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்னென்ன செய்வார்கள்? பாட்டு கேட்பார்கள், மின் கட்டணம் செலுத்திப் பார்ப்பார்கள், வெளியூரில் இருக்கும் உறவினர்களோடு வீடியோவில் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா செய்த முதல் பெரிய வேலை, கொடைக்கானல் போவதற்கு இ-பாஸ் எடுக்க முயன்றதுதான். அந்த முயற்சியில் 499 ரூபாயும் ஆதார் கார்டின் நகலும் முகம் தெரியாத யாரிடமோ போய்ச் சேர்ந்தன. பாஸ் மட்டும் வரவில்லை.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினீயர். ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவள். நாள் முழுக்க கம்ப்யூட்டரோடு பழகும் எனக்கே அந்தப் பயணம் சில பாடங்களைச் சொல்லிக் கொடுத்தது. அவை உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் ஏரி

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அடுத்ததாக அவர் ஆசைப்பட்டது பேரிஜம் ஏரியை மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது.

1988-ல் ஐ.டி.ஐ. நண்பர்களோடு வேனில் அங்கே போயிருக்கிறார். ஏரியைப் பார்த்துவிட்டு, திரும்பி வராமல் அதே காட்டுச் சாலையில் மூணாறு பக்கம் போனார்களாம். அந்தச் சாலை 1990-ல் மூடப்பட்டுவிட்டது. ஏரி மட்டும் அப்பாவின் நினைவில் அப்படியே இருக்கிறது.

கொடைக்கானல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஊருக்குள் படகு விடும் நட்சத்திர வடிவ ஏரி. அது 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் உருவானது. பேரிஜம் வேறு. ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் அதிக உயரம். இமயமலையில் இருப்பது போன்ற பனி ஏரி அல்ல. அணை கட்டித் தேக்கிய நீர்தான். அந்த நீர் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. சுற்றிலும் சோலைக்காடும் புல்வெளியும். யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம். இந்தப் பகுதியை உள்ளடக்கிய காடுகள் 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

ஆக, கடைவீதிக்குப் போவது போல நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு போய்விடக்கூடிய இடம் அல்ல இது.

மறுபடியும் இ-பாஸா?

இ-பாஸ் வேண்டும் என்று சொன்னவுடன் அப்பா முகம் சுளித்தார். காரணம் இருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும், மாநிலம் விட்டு மாநிலம் போகவும் இ-பாஸ் கேட்டார்கள். ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கம் வீடு, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வேலை என்று வாழும் ஓசூர்க்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் எங்கள் ஊரில் இ-பாஸ் என்ற சொல்லுக்கே நல்ல பெயர் கிடையாது.

இப்போதைய இ-பாஸ் வேறு காரணத்துக்காக வந்தது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் ஒரே நாளில் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாக சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. யார், எத்தனை பேர், எப்போது வருகிறார்கள் என்ற கணக்கு எடுப்பதே முதல் நோக்கம். 2025 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000.

நாங்கள் போனது 2025 மே மாதம். எங்கள் கார் அந்த 4,000-ல் ஒன்று.

499 ரூபாய்ப் பாடம்

அப்பா செய்தது இதுதான். தேடல் பெட்டியில் 'கொடைக்கானல் இ-பாஸ்' என்று டைப் செய்தார். முதலில் வந்த முடிவைக் கிளிக் செய்தார். அது ஒரு விளம்பரம் என்பது மேலே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அவர் கண்ணில் படவில்லை. திறந்த பக்கத்தில் மலைப் படம், அரசு முத்திரை போன்ற ஒரு படம், அழகான பாரம். பெயர், கார் எண், ஆதார் நகல், கடைசியில் 499 ரூபாய். பணம் போனது. பாஸ் வருமென்று இரண்டு நாள் காத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்.

உண்மையான இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் தளத்தில், அதாவது 'இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஆர்க்' என்று அரசு அறிவித்த முகவரியில், மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பிறகு வாகன எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். முடித்ததும் கியூஆர் கோடு உள்ள பாஸ் கிடைக்கும். அதை பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம், மொபைலிலும் வைத்துக்கொள்ளலாம். நிதானமாகச் செய்தாலும் பத்து நிமிட வேலை.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'அரசுத் தளம் என்றால் முகவரி கவ் டாட் இன் என்று முடியும், அதை மட்டும் நம்புங்கள்' என்று நாமே பலருக்குச் சொல்லியிருப்போம். பெரும்பாலும் சரியான அறிவுரைதான். ஆனால் இந்த இ-பாஸ் தளம் 'ஆர்க்' என்று முடிகிறது. 'ஆர்க்' முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்க முடியும். எனவே முகவரியின் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. செய்தித்தாளில் வந்த மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்து, முகவரியை எழுத்தெழுத்தாக பிரவுசரின் அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்வதே பாதுகாப்பு. பூட்டுப் படம் இருப்பதையும் பெரிதாக நம்பாதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

பணம் ஏமாந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அப்பா இரண்டு நாள் கழித்துச் சொன்னதுதான் எனக்கு வருத்தம். "இதைப் போய் உன்கிட்ட எப்படிம்மா சொல்றது" என்றார். வீட்டில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் தப்பு செய்தால் உங்களிடம் சொல்லக் கூச்சப்படாத அளவுக்குப் பழகுங்கள். ஆன்டி வைரஸ் சாப்ட்வேரை விட அது முக்கியம்.

நான் செய்த தவறு

அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். என்னைப் பற்றியும் எழுதுவதுதான் நியாயம்.

வரம்பு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பயம். லீவு எந்த நாளில் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியவில்லை. எனவே எங்கள் கார் எண்ணுக்கு ஒரு வாரமும், சித்தப்பா கார் எண்ணுக்கு அடுத்த வாரமும் பாஸ் எடுத்து வைத்தேன். எது தோதுப்படுகிறதோ அதில் போகலாம் என்ற கணக்கு. என் சாமர்த்தியத்தை மாடி வீட்டு அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வருடத்தில் சில நாட்கள்தான் சேர்ந்தாற்போல லீவு.

அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, நீங்க போறது ஒரு தடவைதானே?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. 4,000 என்பது பாஸ்களின் எண்ணிக்கை. நான் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஒரு பாஸ், போக வேண்டிய இன்னொரு குடும்பத்தின் இடம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கிளிக் செய்யும்போது எதிரில் யாரும் தெரிவதில்லை. ரேஷன் கடை வரிசையில் இரண்டு இடம் பிடித்து நின்றால் பின்னால் நிற்பவர் சத்தம் போடுவார். இன்டர்நெட் வரிசையில் பின்னால் நிற்பவரின் குரல் கேட்காது. ஆனால் அங்கேயும் வரிசை இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். கம்ப்யூட்டர் அனுமதி கேட்பதை எளிதாக்கியிருக்கிறது. எளிதாகிவிட்டது என்பதற்காக, கேட்பதெல்லாம் நமக்குச் சேர வேண்டியது என்று ஆகிவிடாது.

இரண்டாவது வாசல்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சோதனைச் சாவடியில் கியூஆர் கோடைக் காட்டினோம். கொடைக்கானலுக்குள் வந்துவிட்டோம். அப்பாவுக்கு ஏரியே கிடைத்துவிட்டது போல மகிழ்ச்சி.

ஆனால் இ-பாஸ் என்பது கொடைக்கானலுக்குள் வாகனம் நுழைய மட்டும்தான். பேரிஜம் போக வனத்துறையின் அனுமதி தனி. ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களைத்தான் விடுவார்கள். பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும். அதுவும் யானைகள் அந்தப் பக்கம் வந்துவிட்டால் யாருக்கும் அனுமதி இல்லை. மறுநாள் காலை நாங்கள் விசாரித்தபோது அதுதான் நடந்திருந்தது. ஏரிப் பகுதியில் யானைக் கூட்டம். சாலை மூடப்பட்டிருந்தது. அடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்கு மேல் தங்க எனக்கு லீவு இல்லை.

மோயர் பாயின்ட் வரை போனோம். அங்கேதான் காட்டுச் சாலை தொடங்குகிறது. அப்பா இறங்கி அந்தச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் புலம்பினேன். இவ்வளவு தூரம் வந்தோமே, எல்லாம் சரியாகச் செய்தோமே என்று. "சரியாச் செஞ்சா கிடைச்சுடும்னு யாரும்மா சொன்னது?" என்றார் அப்பா. "அதுங்க போய்ட்டு வரட்டும். நாம அப்புறம் வரலாம்."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரியான தகவலைக் கொடுத்தால் சரியான விடை வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அது பிழை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் புலம்பினேன். யானை வருவது பிழை அல்ல. அது யானையின் காடு.

ஒரு குறையைச் சொல்லலாம். ஊருக்குள் நுழையும் அனுமதியையும், இன்று எந்த வனச்சாலை திறந்திருக்கிறது என்ற தகவலையும் ஒரே பக்கத்தில் காட்டினால், 400 கிலோமீட்டர் வந்து ஏமாறுவது குறையும். இது பெரிய தொழில்நுட்பம் அல்ல. தினமும் ஒருவர் ஒரு வரி டைப் செய்தால் போதும்.

வரம்பு எதற்கு?

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். அதில் ஐம்பது பிரவுசர் டேப்களைத் திறந்து, கூடவே கேமையும் படத்தையும் ஓட விட்டால் என்ன ஆகும்? மவுஸ் நகராது. மெஷின் ஹேங் ஆகும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிடலாம். ஏரிக்கு அந்த பட்டன் கிடையாது.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் தண்ணீர் திறந்தால் தென்பெண்ணை ஆற்றில் மலை போல நுரை பொங்கும். செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் சேரும் கழிவுநீர் வர்த்தூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து எங்களிடம் வருகிறது. 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர் ஏரிதான். என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான சாப்ட்வேர் ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பகலில் ஏரிக்கு மேலே வேலை, இரவில் அதே தண்ணீர் வந்து சேரும் ஊரில் வீடு.

பெல்லந்தூரைக் கெடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. காரணம் வேறு. ஆனால் தாங்கும் அளவு எவ்வளவு என்று யாரும் கேட்காமலேயே சுமையை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நீர்நிலை என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. மலைகளில் அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்கிறார்கள். எத்தனை வாகனங்களை நீலகிரியும் கொடைக்கானலும் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் கொடுக்கப்பட்டது. பெரியகுளத்து மக்கள் குடிக்கும் தண்ணீர் பேரிஜத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பாரம் நிரப்பும் சிரமம் சிரமமாகவே தெரியாது.

மற்ற நாடுகளிலும் இதே நிலைதான். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. முன்பதிவு செய்து பஸ்ஸில்தான் போக வேண்டும். நம் நாட்டிலேயே வடக்கு சிக்கிமில் 17,000 அடிக்கும் மேல் உள்ள குருடோங்மார் ஏரிக்குப் போக முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பிலும் நியாயம் உண்டு

வரம்பு வந்ததும் எல்லோரும் வரவேற்கவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். சீசன் இரண்டு மாதத்தில் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடும் டீக்கடைக்காரருக்கும் லாட்ஜ் ஊழியருக்கும் வண்டிகள் குறைவது நேரடி நஷ்டம். அதைப் புறந்தள்ளக் கூடாது.

இன்னொரு கேள்வி, கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இல்லாதவர் என்ன செய்வார் என்பது. வசதி உள்ளவருக்கு முதலில் கிடைக்கும் என்றால் அது நியாயமான வரிசை அல்ல. இதற்கு அந்த உத்தரவிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது: அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கார் வைத்திருப்பவருக்குத்தான் வரம்பு. பஸ்ஸில் போகும் சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. இது எனக்குச் சரியாகவே படுகிறது. பஸ்களைக் கூட்டினால் வியாபாரிகளுக்கு வரும் ஆட்களும் குறைய மாட்டார்கள்.

மீதிப் பொறுப்பு நம்முடையது. தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். பக்கத்து வீட்டார் ஒரு பாஸ் எடுக்க இடைத்தரகருக்கு 300, 400 கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி எடுத்துக் கொடுங்கள். மாடி வீட்டு அண்ணன் குடும்பத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் ஜூனில் ஊட்டிக்குப் போய் வந்தார்கள்.

புறப்படும் முன்

1. விதிகள் மாறக் கூடியவை. நான் எழுதியிருக்கும் எண்ணிக்கை 2025 கோடை காலத்துக்கு உரியது. நீங்கள் புறப்படும் வாரத்தில் நடைமுறை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தேடல் முடிவுகளில் முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள். பணம் கேட்டால் அது தவறான தளம்.

3. ஆதார் நகல் தந்தே ஆக வேண்டிய இடங்களில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று கேளுங்கள். அதை ஆதார் தளத்திலேயே டவுன்லோட் செய்யலாம்.

4. ஒரு பயணத்துக்கு ஒரு பாஸ். தேதி முடிவான பிறகு எடுங்கள். வாகன எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் உள்ளபடியே கொடுங்கள். அந்த எண்களை வைத்துத்தான் மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். பொய்த் தகவல் கொடுத்தால் கணக்கும் பொய்யாகும்.

5. பாஸை மொபைலில் சேமிப்பதோடு ஒரு பிரின்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

6. வனப்பகுதிக்குப் போவதாக இருந்தால், போகிற ஊரில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மாற்று இடம் ஒன்றையும் மனத்தில் வையுங்கள்.

அப்பாவின் கம்ப்யூட்டரில் இப்போது பேரிஜம் ஏரியின் படம்தான் வால்பேப்பர். அடுத்த முறை கார் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்கிறார். வனத்துறை அனுமதி அப்போதும் வேண்டும். யானைகள் அப்போதும் வரலாம். லீவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த முறை ஒரு நாள் சேர்த்தே கேட்கப் போகிறேன்.